ஒரு சாண் உயரத்தில் போட்ட ரோடு

போன மாதம் பயிற்சியில் நான் பேசியதை எழுதித் தரும்படி அதை நடத்தியவர்கள் கேட்டிருந்தார்கள். புதிதாக ஊராட்சித் தலைவராகியிருக்கும் பெண்களான உங்களுக்கு உதவும் என்றார்கள். உதவுமா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு மேடையில் நான் ஒரு இடத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து, கிராம சபையை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்களுக்கு வகுப்பெடுத்தே சொல்லிவிட்டார்கள். மனைவியின் நாற்காலியில் கணவர் உட்காருவது பற்றியும் எழுதப் போவதில்லை. அன்றைக்குப் பயிற்சி முடியும்வரை உங்கள் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன். அவர்களை வீட்டுக்கு அனுப்புவது அவரவர் சாமர்த்தியம். என் வீட்டுக்காரரைப் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் வராமல் செய்ய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

நான் யார் என்று தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி, வழியில் இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். பயிர் வைக்கிற குடும்பம். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊராட்சிக்கு முதல் பெண் தலைவர் நான்தான். பிற்பாடு ஒன்றியக் கவுன்சிலராகி, கடைசியில் ஒன்றியக் குழுவுக்கும் முதல் பெண் தலைவரானேன். போன இடமெல்லாம் 'முதல் பெண்' என்று சொல்லித்தான் மாலை போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் ஆளைப் பொய் சொல்ல வைக்கும். என்னைச் சொல்ல வைத்தது.

எங்கள் ஊரின் ஒரு கோடியில் நெசவாளர் தெரு. நீளமான ஒற்றைத் தெரு, ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு தறி. தேர்தலில் நான் ஓட்டுக் கேட்டுப் போனபோது தெரு முழுக்கக் குட்டை குட்டையாகத் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், "ரோடு போட்டுக் குடுங்கம்மா, அது போதும்" என்றார்கள். போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். அந்தத் தெரு மொத்தமாக எனக்கு ஓட்டுப் போட்டது. ஊராட்சி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது பிடிக்காத ஆண்கள் சும்மா இருக்கவில்லை. "பொம்பள என்னாத்த ரோடு போடப் போறா, கோலம்தான் போடுவா" என்று டீக்கடையில் பேசியது என் காதுக்கு வந்தது.

வைராக்கியம் வந்துவிட்டது எனக்கு. ஊருக்குள் இதுவரை எவனும் போடாத ரோடாக அது இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒன்றியத்திலிருந்து வேலையைப் பார்க்க வந்த ஓவர்சியர் நாற்பதை நெருங்கிய மனிதர். பல வருஷம் தேர்வு எழுதி எழுதி, வயது வரம்பு முடிகிற நேரத்தில் வேலை கிடைத்தவர். தகுதிகாண் பருவம்கூட இன்னும் முடியவில்லை. அதிர்ந்து பேச மாட்டார். தெருவை அளந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பழைய ரோட்டப் பேத்து எடுத்துட்டு, அதே மட்டத்துல புதுசு போடணும்மா. ஒரு வாரம் கூட ஆவும். வேற வழியில்ல."

"ஒரு வாரமா? திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு சார். எதுக்குப் பேக்கணும்? பழசு மேலயே போடுங்க. நல்லா ஒரு சாண் ஒசத்திப் போடுங்க. தண்ணி நிக்கக் கூடாது."

நான் வயலில் வளர்ந்தவள். வரப்பை உயர்த்தினால் வரப்பின்மேல் தண்ணீர் நிற்காது என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. வரப்பை உயர்த்தினால் தண்ணீர் வயலுக்குள் நிற்கும் என்பதும் தெரியும்தான். வயலில் அது நல்ல விஷயம். அதனால் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "அப்போ அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "ஏன் சார், இதுக்கு முன்னால இருந்த ஆம்பளத் தலைவர்கிட்ட இப்படி எழுதிக் கேட்டிருப்பீங்களா? பொம்பள வாய் வார்த்தைன்னா நம்பிக்கை இல்லையா?"

மனிதர் சுருங்கிப் போய்விட்டார். "அய்யோ, அப்படி இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று முழுக்க ஜெயித்த மிதப்பு. நியாயமாக ஒருவர் கேட்ட காகிதத்தை, பெண் என்பதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நான் கொடுக்காமல் விட்டேன். இதைப் படிக்கிற நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நம்மை மட்டம் தட்டுகிறவன் யார், ஒழுங்காக வேலை பார்க்கிறவன் யார் என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் வேண்டும். எனக்கு அது இல்லை.

சொன்ன தேதியில் ரோடு முடிந்தது. பளபளவென்று வெள்ளையாக, நீட்டி வைத்த பலகை மாதிரி இருந்தது. போட்டோ எடுத்தார்கள். டீக்கடை வாய் அடங்கியது.

ஐப்பசியில் முதல் பெருமழை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நேராக நெசவாளர் தெருவுக்குப் போனேன். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? என் ரோட்டில் தண்ணீர் நிற்காததைப் பார்த்து ரசிக்க. நிற்கவில்லை. ஒரு சொட்டு நிற்கவில்லை. தெரு நடுவில் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தத் தெருவில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம் கேட்காமல் இருக்காது. அன்றைக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு வாளியில் தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாசலில் கோமதி நின்றாள். என் வயதுக்காரி. வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் அவள், இன்னொன்றில் அவள் கணவர். முழங்கால்வரை சேறு.

"உள்ள வாங்க தலைவரம்மா."

"இருக்கட்டும்மா, இங்கயே..."

"உள்ள வந்து பாருங்கன்னு சொல்றேன். ஓட்டு கேக்க வந்தப்பவும் வாசலோட போயிட்டீங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். அங்கே குழித்தறி. தறிக்கு முன்னால் தரையில் இடுப்பளவுக்குப் பள்ளம் இருக்கும். நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் ரோடு போடுகிறபோது அது என் நினைப்பில் வரவே இல்லை. இப்போது அந்தப் பள்ளம் கிணறு மாதிரி நிறைந்து கிடந்தது. மிதிக்கட்டைகள் மிதந்தன. பள்ளத்தின் மண்சுவர் ஒரு பக்கம் சரிந்து, தறியின் கால் ஒன்று சாய்ந்திருந்தது. மேலே தறியில் பாதி நெய்த மாம்பழ நிறப் புடவை. ஈரம் ஏறி, பாவு நூல் தொய்ந்து, இழைகள் அங்கங்கே அறுந்து தொங்கின.

"தண்ணி ரோட்டுல நிக்கல தலைவரம்மா" என்றாள் கோமதி. "எங்க கால்ல வந்து நிக்குது. ராவுல இருந்து மொண்டு ஊத்திக்கினே இருக்கோம். ஊத்த ஊத்த உள்ள வந்துக்கினே இருக்குது. நீங்க ரோட்ட ஏத்துனீங்க, வீடு கீழ போயிடுச்சு."

அவள் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தத் தெருவில் தறி ஓடாத நாளைக்கு அடுப்பு எரிவது எப்படி என்று அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மழைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

திங்கட்கிழமை தெருவே திரண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தது. மறுநாள் ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ.விடமிருந்து எனக்குப் போன்.

மேடையில் நான் விழுங்கிய இடம் இதுதான்.

"மேடம், ரோட்டு உயரம் எஸ்டிமேட்ல இருக்கறத விட அதிகமா இருக்குது. யாரு மாத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். ஓவர்சியர் பாத்துப் போட்டதுதான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தானாக வந்தது. மறுநாளே ஓவர்சியருக்கு விளக்கம் கேட்டு ஓலை போய்விட்டது. வெள்ளிக்கிழமை தெருவிலேயே விசாரணை என்றார்கள்.

வியாழக்கிழமை ஓவர்சியர் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"நான் உங்கள இழுக்க மாட்டேம்மா. வாய் வார்த்தைக்கு சாட்சி கெடையாது. நான் சொன்னா, பொம்பளத் தலைவர் மேல பழி போடறான்னுதான் சொல்லுவாங்க. எழுத்துல வாங்காதது என் தப்பு." வாசல்வரை போய்த் திரும்பி, "புரொபேஷன் முடிய நாலு மாசம்தான் இருந்துது" என்றார்.

அவர் போன பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒன்றியத்தில் எங்களுக்கெல்லாம் மூத்த கவுன்சிலர். பெயர் வேண்டாம். எனக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கூட்டத்தில் எங்கே உட்கார வேண்டும், யார் பேசி முடித்ததும் எழுந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். "மைக்க யாரும் குடுக்க மாட்டாங்க, நீயே இழுத்துக்கோ" என்பார். அதுவரை அவர் சொல்லி எதுவும் தப்பாகப் போனதில்லை. நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னேன்.

அக்கா கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார். "நல்லா கேட்டுக்கோ. நீ உனக்காக மட்டும் அந்த சேர்ல ஒக்காரல. நீ மொதல் ஆளு. நீ தப்பு பண்ணேன்னு உன் வாயாலயே சொல்லிட்டா, உன் பேரச் சொல்ல மாட்டாங்க. பொம்பள தப்பு பண்ணான்னு சொல்லுவாங்க. இன்னும் இருவது வருஷத்துக்கு உங்க ஊர்ல ஒருத்தியும் ஜெயிக்க முடியாது. அந்தாளு கவர்ன்மென்ட்டு ஆளு. எங்கயாவது பொழச்சிக்குவான். நீ கதவ சாத்திட்டன்னா தொறக்கவே தொறக்காது."

இது கெட்டவர் சொன்ன யோசனை இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவமானப்பட்டுப் பட்டு அவர் கற்றது அது. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு இதமாக இருந்தது. என் பொய்க்கு ஊர்ப் பெண்கள் எல்லாருடைய நன்மையும் துணைக்கு வந்து நின்றது. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், இன்னும் சுருக்கமாக: "வாய மூடிக்கினு ஒக்காரு."

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. தெருப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பி.டி.ஓ. உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. எதிரே ஓவர்சியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றி நெசவாளர் தெரு முழுக்க. எங்கள் பக்கத்துத் தெரு ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கோமதி முன்வரிசையில், அதே சேற்றுக் காலோடு.

பி.டி.ஓ. காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "யாரோட உத்தரவும் இல்லாம நீங்களா உயரத்த மாத்துனீங்க. சரிதானா?"

"ஆமா சார்" என்றார் ஓவர்சியர்.

அவ்வளவுதான். அதோடு முடிந்தது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நெருக்கடி என்றால் யாரோ கழுத்தில் கத்தி வைப்பது போல இருக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருக்காது. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நாற்காலி வசதியாக இருக்கும், எல்லாம் நமக்குச் சாதகமாக நடந்துகொண்டிருக்கும், எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது.

பி.டி.ஓ. எழுதத் தொடங்கினார். எனக்கு அந்த மனிதர் 'ஆமா சார்' என்று சொன்ன விதம் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் பழகியவன் கையை நீட்டுகிற மாதிரி இருந்தது. ஊர்ப் பெண்களுக்கு நல்லது செய்கிறேன் என்று இவர் சோற்றில் மண்ணைப் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று தோன்றியது. எழுந்துவிட்டேன்.

"சார், அத எழுதாதீங்க. ஒசத்திப் போடச் சொன்னது நான்."

பேனா நின்றது. "போன்ல வேற மாதிரி சொன்னீங்களே மேடம்."

"போன்ல பொய் சொன்னேன் சார். இவரு பேத்துட்டுத்தான் போடணும்னு சொன்னாரு. எழுதிக் கேட்டாரு. நான்தான் குடுக்கல."

யாராவது கை தட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவரும் தட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "பொம்பளய ஒக்கார வெச்சா இப்படித்தான்" என்றது. "அப்ப ராஜினாமா பண்ணிட்டுப் போவட்டும்" என்று இன்னொன்று. அக்கா சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது, நின்றுகொண்டே இருந்தேன்.

கோமதிதான் பேசினாள். "வாயால சொன்னா காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க."

தீர்மான நோட்டை எடுத்துவரச் சொன்னேன். எல்லார் முன்னிலையிலும் எழுதினேன். நெசவாளர் தெரு ரோட்டை உயர்த்திப் போடச் சொன்னது நான், ஓவர்சியர் எச்சரித்தும் கேட்கவில்லை, கேட்டபோது மறைத்தேன் என்று மூன்று வரி. கையெழுத்துப் போட்டதும் கோமதி நோட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். பிறகு பி.டி.ஓ. கையில் கொடுத்தாள்.

ஒத்துக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் அங்கேயேதான் நின்றது. அன்று சாயங்காலமே மறுபடி மழை என்றார்கள்.

"சார், ரெண்டு பக்கமும் ஒடச்சு தண்ணிக்கு வழி விடணும். இப்பவே" என்றேன்.

"புது ரோடு மேடம். மேல இருந்து அனுமதி வராம கை வெச்சா அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார். ஒரு நோட்டீசோட இன்னொரு நோட்டீசா வந்துட்டுப் போவட்டும்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஓவர்சியர்தான் முதலில் அசைந்தார். கையில் சாக்கட்டியோடு குனிந்து, எங்கெங்கே வெட்டினால் தண்ணீர் ஏரிக் கால்வாய்க்கு வடியும் என்று கோடு போட ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது, அதுவரை கூட்டத்தோடு நின்றிருந்த என் வீட்டுக்காரரைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார். அந்த எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் பஞ்சாயத்து வேலை அது. தெரு ஆண்களும் பெண்களும் இறங்கினார்கள். நான் திறந்து வைத்த ரோட்டை நானே நின்று உடைத்தேன். இருட்டுவதற்குள் தண்ணீர் வடியத் தொடங்கியது.

அனுமதி இல்லாமல் உடைத்தது வீரம் என்று சொல்ல வரவில்லை. அதற்கும் விளக்கம் எழுதினேன். பதவியை ஏன் பறிக்கக் கூடாது என்று கேட்டு வந்த நோட்டீசுக்கும் அந்த மூன்று வரியைத்தான் திருப்பி எழுதினேன். பல மாதம் இழுத்தடித்துக் கண்டனத்தோடு விட்டார்கள். ஓவர்சியர் வேலை தப்பியது. ரோட்டை முழுசாகப் பேர்த்து, பழைய மட்டத்தில் போட்டு முடிக்க அடுத்த வெயில் காலம் வரை ஆயிற்று. இடையில் நாலைந்து வீட்டில் தறியைத் தூக்கி மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. கோமதியின் அந்த மாம்பழ நிறப் புடவை கழிவாகத்தான் போயிற்று. ஒத்துக்கொண்டதால் அது திரும்பி வரவில்லை.

மிச்சப் பதவிக் காலம் முழுக்க எனக்கு 'ரோட்ட ஒடச்ச தலைவரம்மா' என்றே பெயர். பஸ் ஸ்டாப்பில், கல்யாண வீட்டில், ரேஷன் கடையில். அக்கா மட்டும் கேலி செய்யவில்லை. "கதவ நீயே சாத்திட்ட" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என் போனை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஆனாலும் நான் மூலையில் உட்காரவில்லை. கூட்டம் என்றால் முன்னால் போனேன், மைக்கை இழுத்துக்கொண்டேன். எந்தத் தெருவில் என்ன வேலை என்றாலும் முதலில் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன், அடுப்படிவரை. எழுத்தில் கேட்டவர்களுக்கு எழுத்தில் கொடுத்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷம் ஓடியது.

அடுத்த தேர்தலில் பெண்களுக்கான ஒதுக்கீடு எங்கள் ஊரைவிட்டுப் போய், பொது இடமானது. "ஒரு ரவுண்டு பொம்பளைங்க பாத்தாச்சு, இனிமே ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் நின்றேன். மூன்று ஆண்கள், நான். நான்கு முனை என்று எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனுத்தாக்கலின் கடைசி நாளில் கோமதி வந்து மனுப் போட்டாள்.

எனக்கு நெருப்பு அள்ளிக் கொட்டியது போல் இருந்தது. நெசவாளர் தெருதான் என் பலம். அதைப் பிரித்துக்கொண்டு போகிறாளே, ஆண்களுக்கு வழி விட்டுக் கொடுக்கிறாளே என்று ஆத்திரம். ஆனால் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை. பிரசாரத்தில் இரண்டு தடவை தெருவில் எதிரெதிரே வந்தோம். அவள் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன்.

ஓட்டு எண்ணிக்கை காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மதியம் முடிவு சொன்னார்கள். நான் தோற்றேன். மூன்று ஆண்களும் எனக்குப் பின்னால். முதலில் கோமதி.

துக்கமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மரத்தடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அப்போது போன் அடித்தது. அக்கா.

"யாரு ஜெயிச்சது?"

"கோமதி. நெசவாளர் தெரு."

"பொதுவுலயா?"

"பொதுவுலதான் அக்கா."

"நான் சொன்னது தப்பாப் போச்சுடி" என்றார். அக்கா வாயில் அந்த வார்த்தையை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது கோமதி எதிரே வந்து நின்றாள். கழுத்தில் மாலை, தெருக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"கோவமா?" என்றாள்.

"ஆமா. இல்லாம இருக்குமா?"

"உங்கள புடிக்காம நிக்கல தலைவரம்மா. எனக்கு ரொம்ப நாளா ஆச இருந்துது. அந்த சேரு தப்பே பண்ணாதவங்களுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நம்மளால அப்படி இருக்க முடியாதுன்னு பேசாம கெடந்தேன். நீங்க அத்தன பேரு முன்னால தப்பு பண்ணேன்னு எழுதிக் குடுத்துட்டு, மறுநாளும் வந்து அதே சேர்ல ஒக்காந்தீங்களே. அப்பதான் எனக்கு தைரியம் வந்துது. நானும் பண்ணுவேன், நானும் ஒக்காருவேன்னு."

அவள் மாலை கசங்கியிருந்ததைச் சரி செய்தேன். "அஞ்சு வருஷம் இருக்குது கோமதி" என்றேன். "மொதல் தப்ப மொதல் வருஷத்துலயே பண்ணிடு. பண்ண அன்னிக்கே சொல்லிடு. என்ன மாதிரி ஒரு வாரம் வெச்சிக்கினு இருக்காத."

உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.